மல்லாந்து வந்த அண்ணி

பேருந்து ஓட்டுநரான அவளுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகுதான் நீச்சல் கைவந்தது. அதுவும் அடியில் நீலக்கோடு தெரியும் தெளிந்த நீச்சல்குளத்தில். அந்தத் தைரியத்தில்தான் நாத்தனாரோடு சேர்ந்து டிரையத்லான் என்ற மூவகைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். ஏரியில் நீந்துவது இவள் பொறுப்பு. அதன்பின் சைக்கிளும் ஓட்டமும் நாத்தனார் பாடு.

விசில் ஊதியதும் ஏரி சந்தைக்கடையானது. யாரோ உதைத்ததில் நீச்சல் கண்ணாடி கழன்று போயிற்று. கலங்கிய தண்ணீரில் தன் கையே தெரியவில்லை. மூச்சு முட்ட, காவல் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"ஏறிடுறீங்களா அக்கா?" என்று கை நீட்டினார் படகுக்காரர்.

"ஏறினா?"

"போட்டி அவ்வளவுதான். சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கலாம், தப்பில்ல."

"அப்போ கையை எடுங்க தம்பி. மூச்சு வாங்கிட்டுப் போறேன்."

மறுபடி தண்ணீருக்குள் முகம் வைக்க மனம் துணியவில்லை. முகத்தை வைத்தால்தான் நீச்சலா என்ன? மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி கைகளை வீசினாள். திசை தவறாமலிருக்க அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பேருந்தை ரிவர்ஸ் எடுத்தே பழகிய கழுத்துக்கு அதொன்றும் சிரமமாக இல்லை.

எல்லோரும் கரையேறி வெகுநேரம் கழித்து அவள் முதுகில் மணல் உரசியது. அவள் காலிலிருந்த, போட்டி நேரத்தைக் கணக்கிடும் பட்டையை அவிழ்த்துத் தன் காலில் மாட்டியபடியே நாத்தனார் சிரித்தாள்.

"என்ன அண்ணி, மெத்தையில படுத்த மாதிரி வர்றீங்க!"

"வாயை மூடிட்டு சைக்கிளை எடுடி. நமக்குப் பின்னாடி ஒருத்தருமில்ல."

"முன்னாடி நிறைய பேர் இருக்காங்கல்ல, பிடிச்சுடறேன்!" என்று அவள் பறந்தாள்.