மாப்பிள்ளை இழந்த கிரகம்

உயிரே இல்லாத கிரகத்தில் காற்று, மழை, காடு எல்லாம் உண்டாக்கும் கேம். நானும் ஒட்டன்சத்திரம் மச்சானும் சேர்ந்து ஆடினோம். அவர் தாது பொறுக்கினார். மழை முழுக்க நான் பெய்ய வைத்தது. கொடைக்கானலே அதன் முன் பொட்டல்தான்.

ஆள் சேர்த்து ஆடலாம், அது நல்லது. தொடங்கியவர் கம்ப்யூட்டரில்தான் கிரகம் இருக்கும், அது கெட்டது.

நான் வீட்டு மாப்பிள்ளை, அவர்கள் அழைத்தால்தானே போகணும் என்று, மச்சானையே தொடங்கச் சொல்லியிருந்தேன்.

இன்று போனில் சொல்கிறார்: "கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் அழிச்சுட்டு அத மகளுக்குக் குடுத்துட்டேன் மாப்ள."

"நம்ம காடு?"

"அதுவுந்தான் போச்சுங்க. எனக்கு மண்டி சோலியே தலைக்கு மேல கெடக்கு."

இங்கே வெளியே மழை பெய்கிறது. என் மழை அளவுக்கு இல்லை.

வேறு கிரகம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். ஆனால் முறையாக அழைக்கணும்.