ரோசம்மாவின் கூடை எந்த பிளாட்பாரத்தில்?

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சுவர் ஒரு முழம் தடிமன். ஆவடி லைனில் இருந்த அந்த ஸ்டேஷனில் எண்பதுகளில் நான் புக்கிங் கிளார்க். அப்போதுதான் புதிதாக மைக் மாட்டினார்கள். டிக்கெட் போதாதென்று அதையும் என் தலையில் கட்டினார்கள்.

லோக்கல் ஒரு நாள் ஒன்றாம் பிளாட்பாரத்தில் வரும், ஒரு நாள் இரண்டில். நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருத்தரும் காதில் வாங்கமாட்டார்கள். எல்லார் கண்ணும் கொய்யாப்பழம் விற்கும் ரோசம்மாவின் கூடை மேல்தான். வண்டியைத் தடம் மாற்ற கேபினில் லீவர் இழுப்பவர் அவளிடம் பழம் வாங்கும்போதே வண்டி எதில் வரும் என்று சொல்லிவிடுவார். எனக்கு அதற்கப்புறம்தான் போன் வரும். கூடை இறங்கிய இடத்தில் ஃபாக்டரி ஆட்கள் மொத்தமும் போய் நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் காலை லோக்கல் இரண்டில் வருகிறது. ஒன்றில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ். அதற்கு சிக்னலும் கொடுத்தாயிற்று. மைக்கில் மூன்று தரம் சொன்னேன். கூட்டம் ஒன்றாம் பிளாட்பாரத்தைவிட்டு அசையவில்லை. லோக்கலைக் கண்டதும் இத்தனை பேரும் இரண்டுக்குப் போக எக்ஸ்பிரஸ் வரும் தண்டவாளத்தில் குதிப்பார்கள். கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

"ரெண்டாவதுல வருதுய்யா, போங்கய்யா!"

"இன்னா சார் நீ? ரோசம்மா இங்க குந்திகினு கீதே!" என்றார் டிபன் பாக்ஸ்காரர் ஒருவர்.

ரோசம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "காலு வீங்கிகினு கீது சார். படி ஏற முடியல. அதான் இன்னிக்கு இங்கியே குந்திட்டேன்."

"ஐயோ அக்கா! உன்னைப் பாத்துதான் மொத்த ஜனமும் நிக்குது!"

"நானா நிக்கச் சொன்னேன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு வழி? கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.

"டேய், கூடை போவுதுடா!" என்று ஒரு குரல். மொத்தக் கூட்டமும் என் பின்னால் படியேறியது. கடைசி ஆள் இறங்குவதற்குள் எக்ஸ்பிரஸ் கட்டடமே அதிர ஒன்றாம் லைனில் பறந்தது. அப்படியே கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ரோசம்மா கத்தினாள்: "சார், கூடைய அங்க வெச்சிட்டியே, நான் எப்பிடி யாவாரம் பண்றது?"

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சத்தம் போடுவதற்கு முன்னால், ஜனம் யாரை நம்புகிறது என்று பாருங்கள். ரோசம்மாவின் கால் குணமாகும்வரை தினமும் கூடையைச் சரியான பிளாட்பாரத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன். அப்புறம் திரும்பி வந்து மைக்கிலும் சொல்வேன். அதற்குள் எல்லாரும் அங்கே போய் நின்றிருப்பார்கள்.