தின்னும்போது கையை விடாதே

கிளி கடிக்கிறது, கிளி கடிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் என் அண்ணன். ஏன் கடிக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தானா? இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளில் ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அண்ணன். அம்மாவும் நானும் நூல் சுற்றித் தருவோம். களம்பூர் அரிசி ஆலையில் நெல் காயும் களத்துக்குக் கிளிகள் கூட்டமாக வரும். அதில் ஒன்றை யாரோ வலை போட்டுப் பிடிக்க, அண்ணன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். களம் முழுக்கத் தின்று பழகியதைக் கொண்டுவந்து கூண்டில் அடைத்து, தன் தறிக்குப் பக்கத்திலேயே மாட்டினான்.

அப்புறம்தான் அப்பாவுக்கு உமி ஞாபகம் வந்தது. நெல் கொறித்தால் உமி பறக்கும், கொய்யா வைத்தால் சாறு தெறிக்கும். தறியில் நீட்டியிருக்கும் பட்டில் ஒரு கறை பட்டால் சேலை போச்சு. அதனால் சட்டம் போட்டார்கள்: தறி ஓடும்போது கிளிக்குத் தீனி கிடையாது.

தறி எப்போது நிற்கும்? இழை அறுந்தால் நிற்கும், யாராவது வந்தால் நிற்கும். ஒரு நாள் காலையிலேயே கிண்ணம் வரும், மறுநாள் வெயில் சாய்ந்த பிறகு வரும். பாதி தின்பதற்குள் அண்ணன் மறுபடி தறியில் உட்காருவான், கிண்ணம் வெளியே போய்விடும். கொடுக்கிற கையைவிடப் பிடுங்குகிற கையைத்தான் அந்தக் கிளி நன்றாக நினைவு வைத்திருந்தது. கிண்ணத்தை மறைத்துக்கொண்டு குனியும், கழுத்து இறகு சிலிர்க்கும், கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும். கிட்டே வராதே என்று இத்தனை சொல்லிவிட்டுத்தான் கடித்தது. நூல் சுற்றிக்கொண்டே பார்த்த எனக்குப் புரிந்தது. நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் புரியவில்லை.

போதாக்குறைக்கு அவன் காட்டும் வித்தை வேறு. யாராவது வந்தால் போதும், மிளகாய்ப் பழத்தைக் கம்பிக்குள் நீட்டுவான். “அண்ணான்னு சொல்லு, தரேன்.” கிளி மூக்கை நீட்டும்போது வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். எல்லோரும் சிரிப்பார்கள்.

“பாவம், குடுத்துடேன்” என்பேன்.

“உனுக்கு இன்னா தெரியும்? பட்டினி போட்டாதான் பேசும். துன்னுகினே இருந்தா எங்க பேசறது?”

இப்படிச் சொன்னவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? சாப்பிட்டு முடித்துவிட்டான் என்று நினைத்து ஒரு தடவை அம்மா தட்டை எடுத்துவிட்டாள். அதற்காக அம்மாவோடு பேசாமல் இருந்த மகராசன்.

கூண்டுக்கு அடியில் பழைய பாவாடைத் துணியை ஏந்தலாகக் கட்டினேன். உமி அதில் விழுந்தது. ஒரு முழத் துணி, தறி நெய்கிற இரண்டு ஆம்பளைகளுக்கும் அது தோன்றவில்லை. காலையில் தறி ஓடத் தொடங்கும் முன்பே நெல்லும் ஊறவைத்த கடலையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கிண்ணத்தை எடுக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் ஒரு கோவைப்பழம் நீட்டுவேன். கிளி அங்கே போனதும் இங்கே எடுப்பேன். கொஞ்ச நாளில் என் கையைக் கண்டால் சிலிர்ப்பதை விட்டுவிட்டது.

அதையும் கெடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. கிளி தின்றுகொண்டிருக்கும்போதே கூண்டுக்குள் இடது கையை விட்டுக் கிண்ணத்தை இழுத்தான். கிளி ஆட்காட்டி விரலைக் கவ்விவிட்டது. நல்ல ரத்தம்.

“இந்த வெரல வெச்சிகினு நான் எப்பிடி இழை முடிவேன்? ஜல்தியா கத்தரிக்கோல எடு. மூக்க வெட்டிட்டா அடங்கிடும்.”

“அடப் பாவி, மூக்கு இல்லாம அது எத்தால நெல்லு உடைக்கும்?” என்று கத்தினேன்.

“நகம் வெட்டற மாதிரிதாம்மா, ஒண்ணும் ஆவாது” என்றார் சித்தப்பா.

“மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள் அம்மா. கறிக்குழம்பு ஆறுகிறதே என்று அவளுக்குக் கவலை.

கத்தரிக்கோலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தான். முதல் கவளத்தைப் பிசைந்தபோது தட்டை இழுத்தேன்.

“தங்கச்சின்னு சொல்லு, தரேன்.”

விளையாட்டு என்று நினைத்து அவனும் சிரித்தான், சித்தப்பாவும் சிரித்தார். தட்டை விட்டேன். கை வைத்தான், மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. குழம்புக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தை அழுத்தினான். தோல் கிழிந்து எரிந்தது. நான் தட்டை விடவில்லை.

“ஐயோ, இன்னாடா பண்ற!” என்று அம்மா ஓடி வந்தாள்.

ரத்தத்தோடு கையைச் சித்தப்பா முகத்துக்கு நேரே நீட்டினேன். “ரெண்டு தரம் தட்ட இஸ்ததுக்கே அண்ணன் இப்பிடி பண்ணிச்சி. அது எத்தினி நாளு பொறுத்துகினு இருந்திச்சி? வெட்டறதுன்னா மொதல்ல அண்ணன் நகத்த வேரோட வெட்டுங்க.”

அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, இடது கையால் கத்தரிக்கோலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து வெளியே போனான். சாயந்திரம் அப்பாவே கூண்டைக் கழற்றி நான் நூல் சுற்றும் இடத்தில் மாட்டினார்.

கிளி பல வருடம் இருந்தது, மூக்கோடு. என் மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. கிளி வளர்த்த கதையைச் சொன்னால் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

“கிளி கடிச்சிதா?”

“இல்லைங்க. கிளி என்னைக் கடிச்சதே இல்ல. இது எங்க அண்ணன்.”