கமாரோவுக்கு நான் அடித்த நீலப் பெயின்ட்

குவைத்தில் எனக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் இரண்டு பழைய அமெரிக்கக் கார்கள் இருந்தன. ஒன்று சிவப்பு மஸ்டாங், இன்னொன்று நீலக் கமாரோ. இரண்டும் என்னைவிட வயதில் மூத்தவை. அவற்றைக் கழுவித் துடைத்து, ரிப்பேர் பார்ப்பதுதான் மெக்கானிக்கான என் டூட்டி.

மஸ்டாங் மினுக்குக்காரி. யாரோ எப்போதோ எஞ்சினையே மாற்றிப் புதுப் பெயின்டும் அடித்திருந்தார்கள். கமாரோவில் கம்பெனியிலிருந்து வந்த அதே எஞ்சின், வெயிலில் வெளுத்துப்போன அதே பெயின்ட். எனக்குக் கமாரோ என்றால் உயிர். மங்காஃபில் நாங்கள் தங்கியிருந்த ரூமில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"தகர டப்பாவுக்குப் போயி இம்புட்டு உருகுறியேடா" என்பான் மதுரைக்கார ரூம்மேட்.

"நீ சும்மா கெட லே. அந்தச் சத்தத்தக் கேட்டா நீயும் உருகுவ" என்பேன்.

ஒருநாள் கஃபீல், வீட்டை இடித்துக் கட்டப்போவதாகவும் இனி ஒரு காருக்குத்தான் இடம் என்றும் சொன்னார். எது வேகமோ அது இருக்கும், மற்றதை விற்றுவிடுவார். ஆளில்லாத ரோட்டில் அவர் ஓட்ட, பக்கத்தில் நான் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்தேன். முதலில் மஸ்டாங். அடுத்து கமாரோ ஓடும்போது, கொஞ்சம் முன்னாலேயே அமுக்கிவிடு என்றது பாவி மனது. கட்டைவிரல் துடித்தது. ஆனாலும் எல்லைக் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் அமுக்கினேன். ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் மஸ்டாங் ஜெயித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கமாரோவைப் பார்க்கப் பழைய கார் சேர்க்கும் ஒருவர் பஹ்ரைனிலிருந்து வந்தார். எஞ்சின் நம்பரை டார்ச் அடித்துப் பார்த்தார், வெளுத்த பெயின்டைத் தடவித் தடவிச் சிரித்தார். மஸ்டாங்குக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லி, அடுத்த வாரம் டிரெய்லரோடு வருகிறேன் என்று போனார். அவர்கள் பேசிய அரபியில் எனக்கு விலை மட்டும்தான் புரிந்தது.

எங்கள் கன்னியாகுமரிக் கரையில் மீன்பிடி வள்ளத்தை விற்றாலும் பெயின்ட் அடித்துத்தான் கொடுப்போம். கஃபீல் பாலைவனத்துக்குக் கூடாரம் அடிக்கப் போன நான்கு நாளில் கமாரோவைச் சுரண்டி, மூன்று கோட் நீலம் அடித்தேன். அழகாக வழியனுப்பலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

டிரெய்லரோடு வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரிஜினல் மாஃபி! கலாஸ்!" ஒரிஜினல் இல்லை, எல்லாம் முடிந்தது என்று கத்தினார். கம்பெனி பெயின்டுக்குத்தான் அத்தனை மதிப்பாம். கடைசியில் மஸ்டாங்கை அதன் விலைக்கே ஏற்றிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கஃபீல் என்னிடம் பேசவில்லை. விசா கேன்சல்தான் என்று பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். மூன்றாம் நாள் கமாரோ சாவியை என்மேல் எறிந்து, "யல்லா, நீ ஓட்டு" என்றார்.

கடற்கரை ரோட்டில் போகும்போது அவருடைய உடைந்த இந்தியில் கேட்டார்: "விற்கக் கூடாது என்றுதானே பெயின்ட் அடித்தாய்?"

"மாதா சத்தியமாக இல்லை" என்றேன்.

"தெரியும்" என்று சிரித்தார். "அன்றைக்கு நான் ரோட்டைப் பார்க்கவில்லை. உன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."