பால்குடம் எடுக்காத தைப்பூசம்

போன வருடம் ஏழு மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. கர்ப்பமும் இல்லை. கல்யாணமாகி நான்கு வருடம். பிசிஓஎஸ், சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாத்திரை, நடை, சோற்றைக் குறைத்தது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. தாடையில் முடி வேறு. பத்து காவான் தொழிற்சாலை வேலைக்குக் கழுத்தில் ஷால் சுற்றாமல் நான் போனதே இல்லை.

டத்தோ கிராமாட் வீட்டில் எங்களோடு இருக்கும் அண்ணி, என் கணவரின் அக்கா, நல்லவர். வாய்தான் சும்மா இருக்காது. "ரொட்டி சானாய் தின்னுக்கிட்டே இருந்தா இப்படித்தான்லா ஆவும்," என்பார். நானும் என்னைத்தான் குற்றம் சொன்னேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

போன தீபாவளிக்கு முன்பு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நின்று கேட்டேன். "முருகா, மாதாமாதம் வர வேண்டியது வரட்டும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்." கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. வேறு யாரிடம் கேட்பேன்?

எனக்கு எதிலும் அவசரம். மறுநாளே மஞ்சள் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனேன். தையல்கார அக்கா ஷாலை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவரே உருவிவிட்டார். ஆனால் அவர் பார்த்தது என் தாடையை இல்லை.

"தங்கச்சி, கழுத்து வீங்கியிருக்குலா. டாக்டர்கிட்ட காட்டுனியா?"

காட்டினேன். ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னார். "ஒடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம ஒங்க தைராய்டையே தாக்குது. பிசிஓஎஸ் இருக்கிற நெறைய பேருக்கு இதுவும் சேர்ந்து இருக்கு. பிசிஓஎஸ் வர்றதுக்கே இந்த மாதிரிக் கோளாறு ஒரு காரணமா இருக்கலாமான்னு ஆராய்ச்சி பண்றாங்க, இன்னும் உறுதியாகல. ஆனா தைராய்டு கொறஞ்சாலே மாதவிடாய் தள்ளிப்போகும். அதுக்கு மருந்து இருக்கு. நீங்க சாப்பிட்டதால வந்தது இல்லம்மா இது."

கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அண்ணியிடமும் அப்படியே சொன்னேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் நான் தொடங்கியபோது, அவர் தானும் இருக்கிறேன் என்றார்.

தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. பிறகு முருகன் படத்துக்கு விளக்கு. மாதங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை.

தைப்பூசத்தன்று காலை, மஞ்சள் உடுத்திக் குடத்தைத் தூக்கப் போகும் நேரம், வந்துவிட்டது! குளியலறையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். கணவர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"ஐயோ, இன்னிக்கா? கோயிலுக்குப் போக முடியாதே!" என்று அண்ணி தலையில் கை வைத்தார்.

"அண்ணி, இதுக்குத்தானே பால்குடமே!"

என்னைக் கட்டிக்கொண்டார். "நீ ரெஸ்ட் எடுலா, ஒனக்காக நான் எடுக்கிறேன்," என்றார். வெறுங்காலோடு என் குடத்தைத் தலையில் சுமந்து போனார்.

இப்போது மாதாமாதம் வருகிறது, சில சமயம் தாமதமாக. குழந்தை இன்னும் இல்லை. தாடையில் முடி இருக்கிறது, ஷால் இல்லை. சகோதரிகளே, கூச்சப்படாமல் முருகனிடம் கேளுங்கள். டாக்டரிடமும் கூச்சப்படாமல் காட்டுங்கள். எனக்கு அவன் தையல்கார அக்காவின் வாயால் பதில் சொன்னான்.

வருகிற தைப்பூசத்துக்கு நானே குடம் எடுக்க வேண்டும். அன்றைக்கும் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கணவர் கேலி செய்கிறார். வரட்டுமே. அவசரக்காரி நான்தான், முருகன் காத்திருப்பான்.