ஒட்டாத தடிப்பு

உடம்பில் தடிப்பு வந்தால் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வைத்தியராகிவிடுகிறார்கள். காய்ச்சலுக்குக்கூட இவ்வளவு அறிவாளிகள் கிளம்ப மாட்டார்கள்.

எனக்குச் சித்திரையில் தொடங்கியது. காலையில் தறியில் உட்காருவேன். மதியத்துக்குள் இடுப்பிலும் கையிலும் திட்டுத் திட்டாகத் தடித்து, அரித்து, சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல அமுங்கிவிடும். மறுநாள் வேறு இடத்தில் கிளம்பும். என் கணவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"காணாக்கடிமா இது. எதுனா பூச்சி கடிச்சிருக்கும். கம்பளியால தேய், பூடும்."

தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் இன்னும் வீங்கியது. உடனே அவர் தறிக்குழியில் பூச்சிமருந்து அடித்தார். பூச்சி ஒன்றுகூடச் சாகவில்லை, நான்தான் இரண்டு நாள் இருமினேன். பக்கத்து வீட்டுக்காரி கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னாள், இன்னொருத்தி புளியை, வேறொருத்தி தயிரை. எல்லாரையும் கேட்டால் மிச்சம் வெறும் சோறுதான்.

இதற்கிடையில் மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. வளைகாப்பு போட்டு, முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். அவளுக்காக உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாள் வந்து என் கையைப் பார்த்தாள்.

"பல்லி வுழுந்திருக்குது சம்பந்தி. பெருமாள் கோயிலாண்ட போய் தங்கப் பல்லியத் தொட்டுட்டு வாங்க. குழந்தைக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது?"

வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று தொடும் பல்லி அது. உள்ளூரில் நாங்கள் உடம்பு அரித்தால்தான் அந்தப் பக்கம் போவோம். சம்பந்தியம்மாள் மகளை என்னோடு அனுப்ப வேண்டுமே என்று நானும் போய்த் தொட்டேன். வீடு திரும்புவதற்குள் உதடு வீங்கிவிட்டது. அன்றைக்குத்தான் என் கணவருக்கு ஆஸ்பத்திரி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

தோல் டாக்டர் சின்னப் பெண். கம்பளிக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதுவும் கடிக்கலம்மா. கிருமி வந்தா சண்டை போடுறதுக்கு உடம்புல ஒரு காவல் இருக்குது இல்ல, அது நிலைதவறி, ஆளே இல்லாத எடத்துல சண்டை போடுது. அதான் தடிக்குது. இது யாருக்கும் ஒட்டாது. தேச்சா, அழுத்தினா அதிகமாவும். வாய் வீங்கி மூச்சு முட்டுனா மட்டும் ஒடனே ஓடி வரணும்."

தைராய்டு சோதனைக்கு ரத்தம் எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அரிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் சொன்னதை வீட்டில் சொன்னேன். "ஆளே இல்லாம ஏன் சண்டை போடும்?" என்றார் கணவர். தினமும் டீக்கடையில் அவர் செய்வது என்னவாம்?

மாத்திரை வேலை செய்தது. சம்பந்தி வீட்டில் வளைகாப்பு நடந்த அன்று என் உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. மகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினேன். சம்பந்தியம்மாள் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள் என்று புடவைத் தலைப்பை ஒதுக்கியே விட்டேன்.

புறப்படும் நேரம். வாசலில் கார் நின்றது. மகளின் பெட்டியைக் காணோம். உள்ளே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் படித்தவள், டாக்டர் சொன்னதை நானே அவளிடம் போனில் ஒரு வரி விடாமல் சொல்லியிருந்தேன்.

"ஒட்டாதுன்னு தெரியும்மா. இருந்தாலும் குழந்தைக்கு எதுக்கு ரிஸ்க்கு? நான் இங்கியே இருந்துக்கறேன்."

ஊரார் முட்டாள்தனத்தை இத்தனை மாதமும் சிரித்தே தள்ளியவள் நான். இவளிடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, நான் பூசிய சந்தனத்தை ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.