காற்றில்லாத மலை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூச்சியக்கா. கணினி நிரலில் இருக்கும் பிழையை நாங்கள் பூச்சி என்போம். அதைப் பிடிப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஓடிப்போன புருஷனை அவர் திட்டுகிற திட்டை அப்படியே எழுதினால் எனக்கு வேலை போய்விடும்.

அந்த மனிதர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மலைக்கு அந்தப் பக்கம் வேலை என்று ஸ்கூட்டரில் கிளம்பியவர் திரும்பவே இல்லை. வழியில் ஆளில்லாத காட்டுக்குள் ஓர் ஆறு, அதில் ஒரு தரைப்பாலம். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று போலீஸ் எங்கள் வானிலை அலுவலகத்தைக் கேட்டது. மலைமேல் அன்று துளி மழை இல்லை என்று பதில் போனது. அப்புறம் என்ன, ஆள் கம்பி நீட்டிவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மாமியார் மட்டும் இன்றைக்கும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை.

நாங்கள் செய்வது காலநிலை மாதிரி, அதாவது மாடல். காற்று, கடல், மண் எல்லாவற்றையும் கணக்காக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினிக்குள் ஒரு பூமியை ஓட்டுவது. நடந்து முடிந்த நாட்களை அது சரியாகத் திரும்பச் சொன்னால்தான், வரப்போவதைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

இந்த வருஷம் அந்த மலைமேல் ஒரு கட்டம் முரண்டு பிடித்தது. மழை பூஜ்யம் என்று பதிவாகியிருந்த ஒரு நாளில், மாதிரி அங்கே பேய்மழை கொட்டியது.

"கொஞ்சம் என்னன்னு பாருங்கம்மா" என்றார் எங்கள் தலைவர்.

தேதியைப் பார்த்ததும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

அந்த மழையை நிறுத்த அவர் படாத பாடு பட்டார். மண்ணின் ஈரத்தைக் குறைத்தார். மேகத் துளியின் அளவை மாற்றினார். காற்று மலையேறும் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். என்ன செய்தாலும் மத்தியானம் சாய்ந்ததும் திரையில் அந்தக் கட்டம் மட்டும் கருநீலமாகும், உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. சொன்னால் சிரிப்பீர்கள், நான் என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"எதுக்குக்கா இவ்வளவு மல்லுக்கட்டறீங்க?"

"மழை பெய்யலைன்னா அந்தாளு எங்கயோ எவளோடயோ நல்லா இருக்கான்னு அர்த்தம். இருந்துட்டுப் போகட்டுமே."

மாதிரியில் பூச்சியே அகப்படாததால், கடைசியில் மலைமேல் இருந்த தானியங்கிக் கருவியின் பதிவைத் திறந்தார். இத்தனை வருஷமாக எல்லோரும் அதில் மழையை மட்டும்தான் பார்த்திருந்தோம். கேட்டதும் அதைத்தானே. அக்கா மற்றதையும் எடுத்தார். அன்று மத்தியானத்துக்கு மேல் வெப்பம் பூஜ்யம். காற்றின் வேகம் பூஜ்யம். காற்றழுத்தமும் பூஜ்யம்.

"காற்றே இல்லாத மலை எங்கயாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கருவி அந்த நேரத்தில் செத்துப்போயிருக்கிறது. தகவல் வராத இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு நிரப்புவது அந்தக் காலத்தில் எங்கள் அலுவலக வழக்கம். இடியும் மழையும் அதன் வாயை அடைத்திருக்கின்றன, நாங்கள் மழையே இல்லை என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்த அலுவலகத்தின் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றார் அக்கா.

பதிவிலிருந்து அந்தப் பொய்ப் பூஜ்யங்களை நீக்கியதும் மாதிரியில் முரண் எதுவும் மிஞ்சவில்லை. பாராட்ட வந்த தலைவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை நான் வந்தபோது திரையில் மறுபடி அதே மலை. மேகமே இல்லை.

"அதான் சரியாயிடுச்சேக்கா, இன்னும் எதுக்கு ஓட்டறீங்க?"

"இது முந்தின நாள்லேர்ந்துதானே ஆரம்பிக்கும். அப்ப அவர் வீட்லதான் இருந்தார்."

திரையில் அந்த மத்தியானம் வருவதற்குள் ஓட்டத்தை நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.